வெறும் வயிறும் ஒரு கிளாஸ் டீயும்

எனக்கு வாய் அதிகம். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. ராயபுரத்தில் என் தெருவில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். அப்படிப்பட்ட என்னைக் கூப்பிட்டு, கூட்டங்களில் வாயை மூடிக்கொண்டு இருப்பது எப்படி என்று மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார்கள். அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.

வேலை இதுதான். எங்கள் பக்கத்தில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு உண்டு. டாக்டர், கவுன்சிலர், நர்சு, அந்த வட்டாரத்து மக்கள் சிலர் எல்லோரும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூடி, ஆஸ்பத்திரி எப்படி நடக்கிறது, என்ன குறை, எதை மாற்றலாம் என்று பேச வேண்டும். காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. நடப்பதென்னவோ, டாக்டர் பேசுவார், கவுன்சிலர் பேசுவார், மக்கள் சமோசா சாப்பிட்டுவிட்டு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அந்த மக்களையும் பேசவைக்க, வட்டாரத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பழக்குவது நான் வேலை பார்த்த தொண்டு நிறுவனத்தின் திட்டம். அப்படித் தேர்ந்தெடுத்தவர்களுக்குப் பயிற்சிக் கையேட்டில் ஒரு பெயர் இருந்தது, வாயில் நுழையாத பெயர். வகுப்பு அதை முதல் நாளே தூக்கிப் போட்டுவிட்டு ‘மீட்டிங் அக்கா’ என்று வைத்துக்கொண்டது. பன்னிரண்டு பேரில் ஒருவர்தான் ஆண், சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறவர். அவரும் மீட்டிங் அக்காதான். மீசையைத் தடவிக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் வகுப்பு. முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்துச் சும்மா கொடுத்தார்கள். முந்தின நாள் சாம்பார் வாசனையோடு, நீள மேஜைகளை ஒதுக்கிப் போட்டுவிட்டு வட்டமாக உட்காருவோம். சுவரில் என் சார்ட் தொங்கும். அதில் பெரிய எழுத்தில் இரண்டு விதிகள் எழுதியிருந்தேன். முதலாவது, நீ பேசாதே, பேசவை. இரண்டாவது, அடுத்தவருக்காக நீ பேசாதே.

இரண்டாவது விதி நான் பட்டு அறிந்தது. அதற்கு முந்தைய வருஷம் வேறொரு ஆஸ்பத்திரிக் கூட்டத்தில், பெண்கள் தயங்கித் தயங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பொறுக்காமல் நானே எழுந்து அரை மணி நேரம் வெளுத்து வாங்கினேன். கழிப்பறைக் கதவு, மருந்து கொடுக்கும் ஜன்னல், உட்கார பெஞ்சு, ஒன்று விடவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். அதிகாரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆறு மாதம் கழித்துப் போனால் கழிப்பறைக் கதவு அதே கயிற்றில்தான் கட்டியிருந்தது. ஏன் யாரும் கேட்கவில்லை என்றேன். “அது உங்க கம்ப்ளெய்ன்ட்டு மேடம், நீங்க வருவீங்கன்னு கீறோம்” என்றார்கள். எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தில் பாதி அவர்கள் மேல், மீதி என் மேல்.

வகுப்பில் எனக்குத் தலைவலியாக வாய்த்தவர் நெட்டுக்குப்பத்து அக்கா ஒருவர். கரையில் மீன் ஏலம் விடுகிறவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். படகுக்காரர்கள் கொண்டுவந்து கொட்டும் குவியலை வியாபாரிப் பெண்கள் சூழ்ந்து நிற்க, நடுவில் நின்று விலை கூவி முடித்துவைப்பது அவர் தொழில். முதல் வகுப்பில் கையைக் கட்டிக்கொண்டு கடைசியில் உட்கார்ந்திருந்தார். வட்டமாக உட்கார்ந்தவர்களை வரிசையாக ஒவ்வொருவராகக் கேட்டுப் பேசவைப்பது எப்படி என்று நான் விளக்கி முடித்ததும் வாயைத் திறந்தார்.

“இப்டி லைனா கேட்டா எவ மேடம் பேசுவா? எல்லாம் நல்லாதான் கீதுன்னுட்டு பூடுவா.”

“அப்போ நீங்க எப்படிக் கேப்பீங்க?”

“நான் கேக்கவே மாட்டேன். பாப்பேன். ஏலத்துல வாங்கப்போறவ எவளும் வாயத் தொறக்க மாட்டா. ஒருத்தி மூக்குத்தியத் தொடுவா. ஒருத்தி முந்தானிய இஸ்துக்குவா. ஒருத்தி எனுக்கு இன்னான்னு கடலப் பாத்துகினு நிப்பா. கடலப் பாக்கிறா பாரு, அவதான் எடுக்கப்போறவ.”

“இது ஏலம் இல்லக்கா. மீட்டிங்.”

“ரெண்டும் ஒண்ணுதான் மேடம்” என்று சொல்லிவிட்டு மறுபடி கையைக் கட்டிக்கொண்டார். வகுப்பு மொத்தமும் சிரித்தது. எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. இருபது வருஷமாகக் கூட்டம் நடத்துகிற என்னிடம் வந்து மீன் கதை சொல்கிறாரே என்று மனதுக்குள் புழுங்கிக்கொண்டு அடுத்த சார்ட்டைப் புரட்டினேன்.

மூன்றாவது வாரம் நடித்துப் பார்க்கும் வகுப்பு. ஒருவர் டாக்டர், ஒருவர் நோயாளி, மற்றவர்கள் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும். டாக்டராக நடிக்க லோடு ஏற்றுகிறவர் முந்திக்கொண்டு வந்தார். என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டார். நோயாளி யார் என்று பேச்சு வந்தபோது, ஏலக்கார அக்காவின் தங்கை வாசலில் வந்து நின்றாள். வீட்டுச் சாவி வாங்க வந்தவள். காலையில் காசிமேட்டில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் வைத்துத் திருவொற்றியூர்த் தெருக்களில் விற்பவள். முகத்துவாரத்தில் மின்நிலையச் சாம்பல் படிந்து மீன் வரத்துக் குறைந்த பிறகு அக்காவின் ஏலத்தை மட்டும் நம்பி அவளுக்கு வியாபாரம் ஓடவில்லை.

“இவ நெஜ பேஷண்டு. சுகர் கீது. இவளயே கேளு” என்று அக்கா அவளை இழுத்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

நம் டாக்டர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். “இன்னாம்மா, டெஸ்ட்டுக்கு வெறும் வயித்துல வந்துகிறியா?”

“ஆமா டாக்டர்.”

“ஒண்ணியும் துன்னலியே?”

“அம்மன் மேல சத்தியமா துன்னல.”

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவருக்கு வேஷம் பிடித்துப்போய்விட்டது. காலை எத்தனை மணிக்கு எழுந்தாய், எழுந்து என்ன செய்தாய் என்று போலீஸ்காரர் மாதிரி குடைய ஆரம்பித்தார். அவளும் ஒப்பித்தாள்.

“மூணு மணிக்கு எய்ந்தேன். ஷேர் ஆட்டோ புட்சி காசிமேடு போனேன். ஒரு டீ குட்ச்சேன். மீனு எட்த்தேன். தெருத்தெருவா வித்துகினு வந்தேன். எட்டு மணிக்கு இன்னொரு டீ குட்ச்சேன். அந்த டீக்கடையிலயே கூடய வெச்சிட்டு ஒம்போது மணிக்கு ஆஸ்பத்திரி வந்தேன்.”

“இரு, இரு” என்று நான் குறுக்கே விழுந்தேன். முதல் விதியெல்லாம் காற்றில் பறந்தது. “டீ குடிச்சியா? சக்கர போட்டா?”

“சக்கர இல்லாம இன்னா டீ?”

“இப்பதானே ஒண்ணும் சாப்பிடலேன்னு சத்தியம் பண்ண?”

“ஆமா. சாப்டல. டீதான் குட்ச்சேன்.” நான் எதற்குக் கத்துகிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. வகுப்பைத் திரும்பிப் பார்த்தேன். பன்னிரண்டு பேருக்கும் புரியவில்லை.

ஏலக்கார அக்காதான் எனக்கு எடுத்துச் சொன்னார். “ஆடி மாசம் அம்மனுக்கு வெரதம் கீறோம் மேடம். நாள் பூரா பச்சத்தண்ணி தவிர ஒண்ணியும் கெடயாது. ஆனா டீ உண்டு. டீ குட்ச்சா வெரதம் கெடாது. எங்க ஆயா காலத்துலேந்து அப்டிதான். சாமியே ஒத்துக்கினுது, டாக்டரு ஒத்துக்க மாட்டாங்களா?”

நான் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்புறம் தங்கை பையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டினாள், சிரிப்பு நின்றது. மாசாமாசம் ‘வெறும் வயிறு’ அளவு எகிறியே இருந்திருக்கிறது. ஒரு மாத்திரை இரண்டாகி, இரண்டு மூன்றாகியிருக்கிறது. போன வாரம் விற்கும்போது படபடவென்று வந்து, வியர்த்துக் கொட்டி, தெரு நடுவில் கூடையோடு சாய்ந்திருக்கிறாள். மீனெல்லாம் ரோட்டில். யாரோ சோடா கொடுத்து எழுப்பியிருக்கிறார்கள். டீயில் இருந்த சர்க்கரைக்கும் சேர்த்து மாத்திரை ஏற, மற்ற நேரத்தில் உடம்பில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கியிருக்கிறது. இந்த மாசமும் குறையாவிட்டால் அடுத்த வாரச் செவ்வாய்க்கிழமையிலிருந்து தினமும் ஊசி என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“ஊசிய எப்டி மேடம் தூக்கினு போறது? மூணு மணிக்கு ஹார்பர்ல நின்னுகினு யாரு குத்திக்கிறது? வியாபாரத்தயே வுட்டுட வேண்டிதுதான்” என்றாள். கண்ணில் நீர் நின்றது. கூடையை விட்டுவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

“நாளைக்கே போய் டாக்டர்கிட்ட சொல்லு” என்றேன்.

மாட்டேன் என்றாள். போன மாதம் நர்சு சந்தேகப்பட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டபோது அம்மன் மேல் சத்தியம் செய்திருக்கிறாள். இப்போது டீ குடித்தேன் என்று போய் நின்றால் பொய்ச் சத்தியக்காரி என்று ஆகிவிடும், ஆஸ்பத்திரியிலும் சரி, அம்மனிடமும் சரி. “நீங்க போயி சொன்னீங்கன்னா, நான் அந்த ஆஸ்பத்திரிப் பக்கமே வர மாட்டேன்” என்று என்னையும் எச்சரித்தாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள். “அத்த வுடுங்க. மூணு மணிலேந்து ஒம்போது மணி வரிக்கும் டீ இல்லாம கூடய எவ தூக்குவா? நீங்க தூக்கிப் பாருங்க.”

நான் அதற்குள் போனை எடுத்துவிட்டேன். டாக்டர் நம்பர் என்னிடம் இருந்தது. ஏலக்கார அக்கா என் கையைப் பிடித்தார். மறுகையால் சுவரைக் காட்டினார்.

“ரெண்டாவது ரூல் இன்னா மேடம்?”

என் சார்ட்டை எனக்கே காட்டினார். “அடச்சீ, இது ஆபத்துக்கா!” என்று கத்தினேன். “ஆபத்துதான். எந்தங்கச்சி. எனுக்குத் தெரியாதா? வியாழக்கெழம மீட்டிங் கீது. நான்தான் நடத்தணும்னு நீதான் எய்தி வெச்ச. அதுவரிக்கும் இவளுக்கு மயக்கம் வராம நான் பாத்துக்கிறேன், பையில பிஸ்கட்டு போட்டு அனுப்புறேன். மீட்டிங்ல இவ வாயத் தொறக்கலன்னா, அன்னிக்கு சாயங்காலமே நீ போயி சொல்லு. நான் தடுக்க மாட்டேன்” என்றார். அந்த நாலு நாளும் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. தினமும் போன் பண்ணி மயக்கம் வந்ததா என்று கேட்பேன். “உன்ன வெச்சிகினு ஒரே பேஜாரு மேடம்” என்று வைத்துவிடுவார்.

வியாழக்கிழமை மதியம் மூன்று மணி. ஆஸ்பத்திரியின் தடுப்பூசிக் கூடத்தில் இருபது இருபத்தைந்து பெண்கள், பாதிப் பேர் மீன் விற்பவர்கள். டாக்டர் இளம்பெண், நல்லவர்தான், ஆனால் காலையிலிருந்து நோயாளிகளைப் பார்த்துக் களைத்திருந்தார். கவுன்சிலர் நடுவில். லேபில் ரத்தம் எடுக்கும் பெண் ஒருத்தி கதவோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள், கூப்பிட்டால் ஓடுவதற்குத் தயாராக. ஏலக்கார அக்கா நல்ல புடவை கட்டி, தலை வாரிப் பூ வைத்து நின்றார். நான் பின் வரிசையில், லோடு ஏற்றுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தங்கை ஜன்னலோரம்.

அக்கா நான் சொல்லிக்கொடுத்தபடியே ஆரம்பித்தார். எனக்கே ஆச்சரியம். வட்டமாக உட்காரவைத்து வரிசையாகக் கேட்டார். “எல்லாம் நல்லாதான் கீது.” “டாக்டரம்மா தங்கமானவங்க.” “ஒரு கொறையும் இல்ல.” “ஃபேன் கொஞ்சம் ஸ்லோவா சுத்துது.” ஐந்தே நிமிஷத்தில் சுற்று முடிந்துவிட்டது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார். உன் வழியில் கேட்டாச்சு, பார்த்தியா என்பது அந்தப் பார்வைக்கு அர்த்தம். எனக்கு நாக்கு நமநமத்தது.

அப்போது சமோசாவோடு டீ வந்தது. தட்டில் கிளாஸ் கிளாஸாக எல்லோர் கைக்கும் போனது. முதல் ஆள் வாயில் வைக்கப் போகும்போது அக்கா கையை உயர்த்தினார்.

“ஒரு நிமிசம். எவளும் குடிக்காதீங்க. கவுன்சிலர் அய்யா, நீங்களும்தான்.”

கூடமே கிளாஸும் கையுமாக அப்படியே நின்றது.

“டாக்டரம்மா ரத்தம் எடுக்க வெறும் வயித்துல வரச் சொல்றாங்க. இந்த டீயக் குட்ச்சிட்டா அது வெறும் வயிறா, இல்லியா? வெறும் வயிறு இல்லன்றவங்க மட்டும் கையத் தூக்குங்க.”

டாக்டர் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார். இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போல. நர்சு தூக்கினார். லேப் பெண் தூக்கினாள். அவ்வளவுதான். மூன்று கைகள். மற்றவர்கள் எல்லோரும் கிளாஸைப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். கவுன்சிலரின் கை கிளாஸை இறுக்கிப் பிடித்திருந்தது. நான் கையைத் தூக்கப் போனவள், பாதியில் நிறுத்தினேன். போன மாதம் எனக்கு ரத்தப் பரிசோதனை. கிளம்பும் அவசரத்தில் ஒரு வாய் காபி குடித்துவிட்டு, ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கிற மகராசி! கை அந்தரத்தில் நின்றது. அக்கா அதையும் பார்த்துவிட்டார்.

டாக்டரின் சிரிப்பு மெல்ல அடங்கியது. “டீ குடிச்சிட்டா ரத்தம் குடுக்கிறீங்க?” என்றார்.

ஒருத்தி மூக்குத்தியைத் தொட்டாள். ஒருத்தி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். தங்கை ஜன்னல் வழியே கடல் இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து கடல் தெரியாது, மின்நிலையத்தின் புகைபோக்கிதான் தெரியும். அதையே முறைத்துப் பார்த்தாள்.

அக்கா வாயே திறக்கவில்லை. கூவியே பிழைக்கிற அந்த மனுஷி சும்மா நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஊசி. இவள் இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல மாட்டாள். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தேன். பாதிதான் எழுந்திருப்பேன். லோடு ஏற்றுகிறவர் என் கையில் ஒரு சமோசாவைத் திணித்தார்.

“மேடம், துன்னு” என்றார் மெதுவாக.

வேறு வழி தெரியாமல் முழுச் சமோசாவையும் வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் மென்றுகொண்டிருக்கும்போது ஜன்னலோரத்திலிருந்து குரல் வந்தது.

“நான் குட்ச்சேன் டாக்டரம்மா. ரெண்டு டீ. மாசாமாசம்.” தங்கை எழுந்து நின்றாள். “நர்சம்மா கேட்டப்ப அம்மன் மேல சத்தியம் பண்ணேன். அது தப்புன்னு தெரியாது. நான் பொய்க்காரி இல்ல. எனுக்கு ஊசி போடாதீங்க. கூடய வுட்டுட்டா நாங்க இன்னா பண்ணுவோம்?”

கண்ணில் நீர் வந்தது மிளகாயால் அல்ல. அவள் பேசிவிட்டாள்! அதற்குள் பக்கத்தில் இருந்தவள், “நானும்தான்” என்றாள். அவளுக்குப் பின்னாலிருந்து, “நான் பன்னும் தொட்டுகினேன்” என்று ஒரு குரல். வரிசையாக ஏழெட்டுப் பேர். கடைசியில் கவுன்சிலர் தொண்டையைக் கனைத்தார். “நான்கூட டெஸ்ட்டுக்கு முன்னாடி ஒரு டீ போடறதுதான்” என்றார். கூடமே வெடித்துச் சிரித்தது.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து தங்கையிடம் போனார். அவள் சீட்டை வாங்கிப் பார்த்தார். மயக்கம் வந்ததா என்று கேட்டார், வந்தது என்றாள். “தப்பு உன்னோடது இல்லம்மா. என்னோடது. சாப்டீங்களான்னுதான் கேட்டேன், டீ குடிச்சீங்களான்னு ஒரு நாள்கூடக் கேக்கல” என்றார். ஊசி இப்போது வேண்டாம், மாத்திரையைப் பழைய அளவுக்கு இறக்கித் தருகிறேன், டீ இல்லாமல் மறுபடி பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். எனக்கு அந்த டாக்டரைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

“டீ இல்லாமன்னா எப்டி? மூணு மணிலேந்தா?” என்றாள் தங்கை. இப்போது அவளுக்குக் குரல் வந்துவிட்டது.

“லேப் ஒன்பது மணிக்குத்தானே…” என்று டாக்டர் இழுத்தார்.

இதற்குத்தான் அக்கா காத்திருந்தார் போல. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடத்துக்கு நடுவில் வந்தார். வகுப்பில் நான் பார்த்திராத ஆள். கரையில் நிற்கும் ஆள்.

“ஒம்போது மணி! லேபு ஒம்போது மணி! ஒம்போதுக்கு டீ இல்லாம எவ வருவா?”

ஒருவரும் அசையவில்லை.

“எட்டு மணி! எட்டு, எட்டு, எட்டு… எவளும் இல்லியா? ஏழு மணி!”

“எந்தக் கெழம?” என்று ஒரு குரல் கேட்டது.

“நீயே சொல்லு.”

“திங்கக்கெழமன்னா வரலாம். ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வூடு மீனு ஆக்கிடுவாங்க. திங்கக்கெழம எவ வாங்குறா? அன்னிக்கு லேட்டா எய்ந்தா போதும்.”

“திங்கக்கெழம ஏழு மணி! ஏழு… ஆறரை! ஆறு!” “அஞ்சு!” என்று யாரோ பின்னாலிருந்து கத்த, டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கவுன்சிலர்கூட ஒரு நேரம் சொன்னார், யார் காதிலும் விழவில்லை. அக்காவின் கண் மட்டும் அந்த அமளியில் கதவோரம் நின்றது.

“யம்மா, நீ. விரலு வுட்டு இன்னா எண்ணிகினு கீற?”

லேப் பெண் திடுக்கிட்டு எழுந்தாள். எல்லோரும் திரும்பிப் பார்க்க, முகம் சிவந்தாள். “இல்ல… நான் மீஞ்சூர்லேந்து ட்ரெயின்ல வர்றேன். சீக்கிரம் வர்ற ட்ரெயினைப் பிடிச்சா, நடந்து வந்து கதவத் திறக்க ஆறே முக்கால் ஆகும். அதுக்கு முன்னாடி முடியாது. ஆனா அன்னிக்கு மட்டும் என்னைச் சீக்கிரம் விட்டுடணும். பொண்ணை ஸ்கூல்லேந்து கூட்டிட்டுப் போக ஆள் இல்ல.” சொல்லிவிட்டு டாக்டரைப் பார்த்தாள். “என்னை யாரும் கேட்டதில்ல மேடம்” என்றாள்.

இதற்கு முந்தைய கூட்டத்தின் குறிப்பு என் பையில் இருந்தது. அதில் கலந்துகொண்டவர் பட்டியலில் அவள் பெயர்கூட இல்லை. எல்லோரையும் வட்டமாக உட்காரவைக்கச் சொல்லிக் கொடுத்த நானும் கதவோரம் இருந்தவளை வட்டத்துக்குள் சேர்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

“விட்டுடறேன், திங்கட்கிழமை சீக்கிரம் போ” என்றார் டாக்டர். மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும், குழுவின் தீர்மானமாக எழுதிக் கொடுத்தால் சுலபம் என்றார். கவுன்சிலர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். தீர்மானம் எழுதும் முன்பே கையெழுத்துப் போடத் தயாராக இருந்த மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“திங்கக்கெழம ஆறே முக்கா ஒரு தரம்!” என்று அக்கா கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். “ரெண்டு தரம்!” லேப் பெண் தலையாட்டினாள். “மூணு தரம்!” மேஜையில் ஓங்கி ஒரு அடி. டீ கிளாஸெல்லாம் எகிறின. “இப்ப குடிங்க” என்றார். ஆறிப்போன டீயை எல்லோரும் ஒரே மூச்சில் குடித்தோம்.

அனுமதி வர சில வாரங்கள் ஆயின. வந்ததும் முதல் திங்கட்கிழமை நானும் போனேன், பார்க்க மட்டுமல்ல, என் ரத்தத்தையும் கொடுக்க. ஆறே முக்காலுக்குக் கதவு திறந்தபோது வரிசையில் பதினைந்து பெண்கள், ஒரு கவுன்சிலர். லேப் பெண் ஒவ்வொருவரிடமும் சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டு, அதே மூச்சில் டீ, காபி, பன் என்று அடுக்கினாள். என் முறை வந்தபோது ஏலக்கார அக்கா பின்னாலிருந்து, “மேடத்த ரெண்டு தபா கேளு” என்று கத்தினார்.

தங்கையை டாக்டர் மூன்று திங்கட்கிழமைகள் வரச் சொன்னார். மூன்றாவது திங்கட்கிழமை முடிவைப் பார்க்க எல்லோரும் படியில் உட்கார்ந்திருந்தோம். லேப் பெண் சீட்டோடு வெளியே வந்தாள். பழக்க தோஷத்தில் நான் கையை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டிப் போய்த் தங்கையிடம் கொடுத்தாள்.

“டாக்டர் சொல்லச் சொன்னாங்க. ஊசி வேணாம். ஒரு மாத்திரை போதுமாம்.”

தங்கை சீட்டை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அக்காவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். அக்கா அவள் முதுகில் ஒன்று வைத்தார், செல்லமாகத்தான், ஆனால் சத்தம் பலமாக வந்தது. அப்புறம் தங்கை எழுந்து, எதிர் டீக்கடைக்குப் போய், ஒரு கிளாஸ் டீ வாங்கினாள். குடிக்கப் போகிறாள் என்று நினைத்தோம். குடிக்கவில்லை. முந்தானையால் கிளாஸைப் பிடித்துக்கொண்டு, ரோட்டைக் கடந்து, தெருமுனை அம்மன் கோயிலுக்குப் போனாள். சன்னதிப் படியில் கிளாஸை வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பொய்ச் சத்தியத்துக்குப் பரிகாரம்.

அக்கா இங்கிருந்தே குரல் கொடுத்தார், ஏலக் குரலில். “இன்னாடி, சக்கர இல்லாம வாங்கினியா?”

அவள் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு சிரிப்பை அந்த முகத்தில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

“அம்மனுக்கு இன்னா சுகரா கீது? மூணு ஸ்பூன் போட்டேன்!”